ஊசிக்கோபுரத்து அன்பர்களுக்கு: கூடுகையும் ஒருநாள் பயணமும் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் யாரிடம் வழி கேட்டாலும் பதிலில் ஊசிக்கோபுரம் வந்துவிடும். "ஊசிக்கோபுரம் தெரியுதுல்லா, அதுக்கு இந்தப் பக்கம்" என்பார்கள். தூய திரித்துவப் பேராலயம் என்ற முழுப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தால்தான் உண்டு. 1826-ல் ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ் ஐயர் கட்டிய ஆலயம் அது (எங்கள் பக்கத்தில் போதகர்களை ஐயர் என்போம்). கோபுரம் பின்னால் சேர்ந்தது. 1896-ல் ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருநெல்வேலி திருமண்டலம் தனியாக உருவானபோது அது பேராலயம் ஆனது.

இந்தக் கோவில்மேல் பிரியம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற நாட்கள்தான் குறைவு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஐந்து நிமிடம் நிற்போம், அப்புறம் ஆளுக்கொரு திசை. சிலர் வேறு சபை, சிலர் வேறு மதம், சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு ஊருக்கு வரும்போது மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து சில வருடங்களாக இவர்களுக்காக மாலைக் கூடுகைகளும் ஒருநாள் பயணங்களும் நடத்துகிறோம். அதில் கற்றதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஒரு பழைய பேராலயம் இருந்தால் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கூட்டிக்கொண்டு போகிற நாளில் நன்கொடை கேட்காதீர்கள். கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், வர்ணம் பூச வேண்டும் என்று ஒரு பழைய கோவிலுக்குச் செலவு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு வேறு நாள் இருக்கிறது. சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பாடி, ஒரே வண்டியில் போய் வந்தவர்கள், தேவை வரும்போது தாங்களாகவே கேட்டு வந்து கொடுப்பார்கள். இதை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம்.

படி 1: யாரைச் சேர்ப்பது?

பேராலயங்களுக்கு "நண்பர்கள்" என்று ஒரு வட்டம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் 1927-ல் கான்டர்பரியில் தொடங்கியது. அப்போது அங்கே டீனாக, அதாவது பேராலயத்தின் தலைமைக் குருவாக, இருந்த ஜார்ஜ் பெல் தொடங்கிவைத்தார். சபையில் பெயர் இல்லாதவர்களும் அந்தக் கட்டடத்தின்மேல் அக்கறை இருந்தால் சேரலாம் என்பதுதான் அதன் பலம்.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஊசிக்கோபுரம் நிற்கிற நிலமே வெங்கு முதலியார் என்ற இந்துச் செல்வந்தரிடம் இரேனியஸ் வாங்கியது. ஆகவே பட்டியல் போடும்போது சேகரத்து, அதாவது நம் சபை வட்டாரத்து, பெயர்களோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிகளிலும் தூய யோவான் கல்லூரியிலும் படித்தவர்கள், சாரா டக்கர் பெண்கள் கல்லூரியில் படித்த அக்காமார், கோவில் மணியைக் கேட்டு எழுந்து வளர்ந்த அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டுக்காரர்கள், எதிர்க் கடை அண்ணாச்சி எல்லாரும் வரட்டும். எங்கள் குழுவிலேயே அதிகக் கேள்வி கேட்பவர் பேட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் ஆசிரியர். கல்வெட்டு எழுத்துகளை நோட்டில் அப்படியே வரைந்துகொள்வார்.

ஆள் சேர்ந்ததும் சேகரத்துப் போதகரான சேகரகுருவைப் போய்ப் பாருங்கள். போனில் சொன்னால் போதாது. இரண்டு பேர் நேரில் போய், என்ன செய்யப் போகிறோம், எத்தனை பேர், பணம் யார் கையில் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சபையில் வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்குப் போட்டியாக ஒன்று முளைக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் நல்ல காரியம் முதல் மாதத்திலேயே முறிந்துவிடும். தலைவர், செயலாளர் என்று பதவி வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. பொறுப்பு மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்: வண்டிக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், பெரியவர்களைக் கவனிக்க இருவர்.

ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும், அதோடு ஒரு நோட்டும் வேண்டும். எழுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் போன் செய்து சொல்ல ஒரு ஆள் போடுங்கள்.

படி 2: நாள் குறிப்பது

வருடத்துக்கு நான்கு நிகழ்ச்சி தாராளம். இரண்டு வெளியூர், இரண்டு உள்ளூர். மாதாமாதம் வைத்தால் நடத்துகிறவர்கள் களைத்துப்போவார்கள்.

முதலில் சபைக் காலண்டரை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். லெந்து நாட்களில் உல்லாசப் பயணம் கூடாது, அது உபவாச காலம். குருத்தோலை ஞாயிறு பவனி, ஈஸ்டர், பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, ஊரே சேர்ந்து உண்ணும் அசனம், டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் என்று ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும். நீங்கள் போகப் போகிற ஊரின் பண்டிகை நாளையும் விசாரியுங்கள். பண்டிகையன்று போனால் கூட்டத்தில் கோவிலைப் பார்க்க முடியாது. அந்த ஊர்க்காரர்களுக்கும் நம்மைக் கவனிக்க நேரம் இருக்காது.

அடுத்து வானிலை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. வெளியூர்ப் பயணத்துக்கு ஜனவரிக் கடைசியும் பிப்ரவரி முதல் பாதியும் நல்ல காலம், ஆனால் அந்த வருடம் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பயணத்தை ஆகஸ்டில் வைக்கலாம். காற்று அடிக்கும், ஆனால் வெயில் பொறுக்கும். சித்திரை வெயிலில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கம் போகவே கூடாது.

உள்ளூர்க் கூடுகைக்குத் திரித்துவ ஞாயிறை ஒட்டிய சனிக்கிழமை மாலை மிகப் பொருத்தம். மே கடைசியிலோ ஜூனிலோ வரும். பேராலயத்தின் பெயர் நாள் அது, விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் பலர் ஊரில் இருப்பார்கள்.

படி 3: முதல் கூடுகை வீட்டு வாசலிலேயே

எடுத்த எடுப்பில் வேன் பிடிக்காதீர்கள். முதலில் சொந்தக் கோவிலைச் சுற்றிப் பாருங்கள். நாற்பது வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்கூட பக்கத்துச் சுவரில் பதித்த நினைவுக் கல்லை ஒருநாளும் படித்திருக்க மாட்டார்கள்.

மாலை நாலரைக்குக் கூடுங்கள். சுக்குக் காபி, சுண்டல், முறுக்கு போதும். ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்து, ஒவ்வொரு கல்லின் முன்னும் வேறு வேறு ஆள் நின்று எழுத்தை உரக்க வாசிக்க வேண்டும். பிள்ளைகள் வாசித்தால் இன்னும் நல்லது. விளக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் முதல் கூடுகையில் ஒருவர் 1820-ல் இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததில் தொடங்கி நாற்பது நிமிடம் பேசிவிட்டார். சொன்னதெல்லாம் அருமையான செய்தி, ஆனால் நின்றுகொண்டே கேட்டதில் முதியவர்களுக்குக் கால் கடுத்துவிட்டது. அடுத்த முறை அவரையே உட்கார வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அப்போது அது அந்த மாலையின் உயிரான பகுதியாக இருந்தது.

அதே நாளிலோ இன்னொரு நாளிலோ பாப்பாத்தி அம்மாள் கோவிலுக்கு நடந்து போங்கள். குளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற அந்தப் பிராமண விதவை 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் முயற்சியில் எழும்பிய சின்ன ஆலயத்தை 1785-ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பேராலயத்துக்கு 41 வருடம் மூத்தது. 1780-ம் வருடத்துச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள், முதல் பெயர் குளோரிந்தா. இந்தச் செய்தியை அந்தக் கோவிலுக்குள் நின்று சொல்லிப் பாருங்கள். நாங்கள் போனபோது ஒரு கல்லூரி மாணவி, "அப்ப ஆரம்பிச்சது ஒரு பொம்பளையா?" என்று கேட்டாள். கூட வந்த அத்தைமார் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நேரம் இருந்தால் அடைக்கலாபுரத்தில் இரேனியஸ் கல்லறைக்கும் போகலாம். கடைசிக் காலத்தில் தன்னை அனுப்பிய மிஷனரிச் சங்கத்தோடு பிணக்கு வந்து பிரிந்து, 1838-ல் இங்கேயே இறந்தவர் அவர். பூ வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 4: முதல் வெளியூர்ப் பயணம், இடையன்குடி

இதை விரிவாகச் சொல்கிறேன். இந்த ஒரு பயணத்தை ஒழுங்காக நடத்திவிட்டால் மற்றவை எல்லாம் இதே அச்சுதான்.

ஏன் இடையன்குடி? அங்கே இருப்பதும் தூய திரித்துவ ஆலயம்தான், பெயரிலேயே உறவு. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-ல் அங்கே வந்து சேர்ந்தார். கோவிலைக் கட்டி முடிக்க 33 வருடம் ஆனது. 1880-ல்தான் பிரதிஷ்டை. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை அங்கிருந்து கொண்டுவந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். கிறிஸ்தவர் அல்லாத அன்பர்களும் மனம் ஒன்றிப் பார்க்கும் இடம் இது. தமிழ் படித்தவர் யாருக்கும் அங்கே ஒரு உரிமை இருக்கிறது.

மூன்று வாரம் முன்பே இருவர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். என்ன பார்க்க வேண்டும்? வண்டி எங்கே நிற்கும், நிழல் இருக்கிறதா, பெண்களுக்கு நல்ல பாத்ரூம் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, சாப்பிட உட்கார இடம் யார் தருவார்கள். முக்கியமாக, சாவி யார் கையில்? நினைவில்லத்துக்கு விடுமுறை நாள் எது என்றும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு ஊருக்குப் போனோம். இரண்டு வாரம் முன்பு போனில் சொல்லி, "வாங்க வாங்க" என்ற பதிலோடு இருந்துவிட்டோம். போய் இறங்கினால் கோவில் பூட்டியிருக்கிறது. ஐயரவர்கள் கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார், திறந்து மூடும் பணியாளர் வீட்டில் விசேஷம். 34 பேர் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து எங்கள் முறை இது: மூன்று வாரம் முன் கடிதம், இரண்டு நாள் முன் போன், புறப்படும் காலையில் திறக்கப் போகிறவரிடமே நேரடியாக இன்னொரு போன். அவர் நமக்காகத் தன் காலை நேரத்தை விடுகிறார். கிளம்பும்போது ஒரு கவரில் மரியாதையாக ஏதாவது கொடுங்கள். அந்த ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போடுவது அதற்கு மேல், தனியாக.

வண்டி: மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வாடகை வண்டியாகத்தான் இருக்கவேண்டும். தெரிந்தவர் வண்டி, விலை குறைவு என்று சொந்த உபயோக வண்டியை வாடகைக்குப் பிடித்தால், விபத்து நேரும்போது காப்பீடு கை கொடுக்காது. டிரைவரிடம் முந்தின இரவு தூங்கினாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. அவருக்கும் சாப்பாடு நம்மோடு, நம் பந்தியில்.

வண்டிப் படி உயரமாக இருக்கும். எங்கள் இரண்டாவது பயணத்தில் எண்பது தாண்டிய ஒரு டீச்சர் முதல் படியில் காலை வைத்துப் பார்த்தார், முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது. "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் அடுத்த தடவை வாரேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தில் எல்லாம் தெரிந்தது. டீக்கடையிலிருந்து ஒரு மர ஸ்டூலை வாங்கி வந்து ஏற்றினோம். இப்போது வண்டியில் முதலில் ஏறுவது ஒரு கனமான, ஆடாத மர ஸ்டூல். பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். முன் இருக்கைகள் நான்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அப்போதுதான் யாரையும் எழுப்ப வேண்டிய சங்கடம் வராது.

தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது வண்டி, சாப்பாடு, டீ, காணிக்கை, பணியாளருக்கான மரியாதை, டோல், அவசரத்துக்குப் பத்து சதவீதம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். இருக்கை 40 என்றால் 40-ஆல் வகுக்காதீர்கள், 34-ஆல் வகுங்கள். கடைசி நேரத்தில் காய்ச்சல், விருந்தாளி, துக்க வீடு என்று ஐந்தாறு பேர் நிற்பது நிச்சயம். மிஞ்சினால் அடுத்த பயணத்துக்கு ஆகும். ஒன்றிரண்டு பேருக்கு இந்தப் பணம் கட்டுவது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் பெயருக்கு நேராக "கட்டியாயிற்று" என்று எழுதிவிடுங்கள். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியவேண்டாம்.

அன்றைய ஓட்டம் ஏறத்தாழ இப்படி. காலை ஆறேகாலுக்கு ஊசிக்கோபுரத்தடியில் கூடி, சின்ன ஜெபம், ஆறரைக்குக் கிளம்பிவிட வேண்டும். காலைச் சாப்பாடு இலையில் கட்டிய இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. சட்னி கொண்டுபோனால் வண்டியில் சிந்தும், வெயிலில் கெடும். மூலைக்கரைப்பட்டி, திசையன்விளை வழியாகப் போனால் எட்டரை, ஒன்பதுக்குள் இடையன்குடி. அங்கே இரண்டு மணி நேரம் முழுசாகக் கொடுங்கள். முதல் அரை மணி நேரம் யாரும் எதுவும் விளக்கக் கூடாது. அவரவர் சுற்றிப் பார்க்கட்டும், உட்காரட்டும். அப்புறம் ஒரு கீர்த்தனை பாடி, கால்டுவெல் பற்றிப் பத்து நிமிடம். அவர் மனைவி எலைசா இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்தவர், அதையும் சொல்லுங்கள்.

ஒருமுறை எங்களோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்திருந்தார், நெற்றியில் திருநீறோடு. எல்லாரும் நினைவில்லத்துக்குக் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் கல்லறை அருகே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தபடி இருந்தார். வண்டிப் பொறுப்பாளர் கூப்பிடப் போனார், நான் தடுத்துவிட்டேன். அன்று அட்டவணை இருபது நிமிடம் தள்ளிப்போனது. அட்டவணையில் அதற்கு இடம் வைத்திருந்தோம். நீங்களும் வையுங்கள்.

பதினொன்றரைக்குக் கிளம்பி உவரி. அந்தோனியார் கோவிலும் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலும் கடலும் உண்டு. பிள்ளைகள் மணலில் ஆடட்டும், ஆனால் கடலில் இறங்க விடக் கூடாது. பிற்பகல் திரும்பும் வழியில் முதலூர். துன்பப்படுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலமாக 1799-ல் தாவீது சுந்தரானந்தம் உருவாக்கிய ஊர், இப்பக்கத்தில் அப்படி எழும்பிய முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். தூய மிகாவேல் ஆலயத்தைப் பார்த்துவிட்டு மஸ்கோத் அல்வா வாங்காமல் யாரும் வண்டி ஏற மாட்டார்கள். நெய் இல்லாமல் தேங்காய்ப்பாலில் கிண்டுவது, இலங்கையில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பண்டம் என்பார்கள். அல்வாக் கடைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஐந்து நிமிடத்தில் முடியாது. பருவம் இருந்தால் சாத்தான்குளம் சாலையில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். சர்க்கரை உள்ளவர்களை முன்கூட்டியே எச்சரியுங்கள். இருட்டுவதற்குள் பாளையங்கோட்டை.

படி 5: ரயிலில் போகலாம், நாசரேத்து

திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையில் பாளையங்கோட்டையிலேயே ஏறலாம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத்து. தாமிரபரணிப் பாசனத்து வாழையும் நெல்லும் வழிநெடுகத் துணை வரும். செலவு மிகக் குறைவு, ஆகவே கல்லூரிப் பிள்ளைகளை நிறையச் சேர்க்க இதுதான் வழி.

நாசரேத்தின் தூய யோவான் ஆலயம், 2003-ல் தூத்துக்குடி–நாசரேத்து திருமண்டலம் பிரிந்தபின் பேராலயமானது. மர்காஷிஸ் ஐயர் 1876-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து பள்ளியும் அநாதை இல்லமும் வளர்த்தார். ஒரு பேராலயத்து அன்பர்கள் இன்னொரு பேராலயத்து ஆட்களைச் சந்திக்கும் நாளாக இதை வையுங்கள். பார்த்துவிட்டு ஓடி வந்துவிடாமல், அந்த ஊர்ப் பாடகர் குழுவோடு ஒரு மணி நேரம் சேர்ந்து பாடுங்கள். அடுத்த வருடம் அவர்களை நம் ஊருக்கு அழைப்பது நம் கடமை.

அங்கிருந்து வேன் பேசி மெய்ஞ்ஞானபுரம் போகலாம். தூய பவுல் ஆலயத்தின் 192 அடி கோபுரம் பனங்காட்டுக்கு மேலே வெகு தூரத்திலேயே தலைகாட்டும். வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் ஐயர் 1870-ல் இறக்கும்வரை அந்த ஊரில்தான் ஊழியம் செய்தார். ரயில் திரும்பும் நேரத்தை முந்தின நாள் மறுபடி சரிபாருங்கள். இந்தப் பாதையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்காரவேண்டும்.

படி 6: தோனாவூர், பேசாமல் போய் வர ஒரு இடம்

இரேனியஸின் ஊழியத்துக்குப் பணம் அனுப்பிய ஜெர்மானியப் பிரபு தோனாவின் பெயரால் அமைந்த ஊர் என்பதால், இதுவும் நம் கோவிலின் உறவு ஊர். 1901-ல் அங்கே வந்து ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-ல் அங்கேயே கண்மூடினார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்திருக்கிறார்கள். அதில் "அம்மை" என்று மட்டும் எழுதியிருக்கும்.

இங்கே இருபது பேருக்கு மேல் போகவேண்டாம். இன்றும் மனிதர்கள் வாழ்கிற, வேலை செய்கிற வளாகம் அது, சுற்றுலாத் தலம் இல்லை. முன்கூட்டி எழுதிக் கேட்டு, அனுமதி வந்தபின் மட்டும் போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கவே கூடாது. மைக், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம்.

மணப்பாடு பற்றி ஒரு வரி: பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையும் கடலை ஒட்டிய குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும் உள்ள கத்தோலிக்க ஊர். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிட்டு, கத்தோலிக்க நண்பர்களோடு சேர்ந்து ஒருமுறை போய் வாருங்கள்.

படி 7: பாட்டு மாலை

செலவே இல்லாத, ஆனால் எங்கள் ஆட்கள் மறுபடி மறுபடி கேட்கிற நிகழ்ச்சி இது. பழைய கீர்த்தனைகளை அவற்றின் சொந்த ராகத்தில், முழுச் சரணங்களோடு பாடுவது. ஞாயிற்றுக்கிழமை நேரமில்லாமல் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறோம், மிச்சச் சரணங்கள் பாட்டிமார் நினைவில் மட்டும் இருக்கின்றன.

இதற்கும் நம் மண்ணில் வேர் இருக்கிறது. கீர்த்தனைகள் பல இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பிறந்தது திருநெல்வேலியில். குளோரிந்தாவின் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய 1785-ல் சுவார்ட்ஸ் வந்தாரே, அந்த வருகையில்தான் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கவிஞர் கிருஷ்ண பிள்ளையும் நம் கரையிருப்பில் பிறந்தவர்தான். பாடுவதற்கு முன் இந்தக் கதைகளைச் சுருக்கமாகச் சொன்னால், பாட்டு வேறு மாதிரி இறங்கும்.

ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது தபலா, இரண்டு ஜால்ரா. கீபோர்டை அன்று ஒருநாள் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில், 18 புள்ளி அளவில் பாட்டுத் தாள் அச்சடியுங்கள். மூத்த அம்மா யாராவது அச்சில் இல்லாத சரணத்தைப் பாடினால் உடனே போனில் பதிவு செய்து, அடுத்த தாளில் சேர்த்துவிடுங்கள்.

படி 8: சாப்பாடு

அசனம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சேர்ந்து உண்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கே உலை வைத்து, பணக்காரர் ஏழை பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். கூடுகையிலும் அந்த முறையே இருக்கட்டும். தட்டோடு வரிசையில் நிற்பதைவிட, பாய் விரித்து இலை போட்டுப் பரிமாறுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு அதே பந்தியின் ஓரமாக நாற்காலியும் மேசையும் போடுங்கள், தனி அறையில் வேண்டாம்.

ஐம்பது பேருக்கு ஆறு கிலோ அரிசி, எட்டுக் கிலோ ஆட்டுக்கறி என்பது எங்கள் அளவு. அரிசி கொஞ்சம் மிஞ்சும், கறி மிஞ்சாது. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சாம்பாரைத் தனி அடுப்பில், தனிக் கரண்டியோடு செய்யவேண்டும். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் கறியை ஹலால் கடையில் வாங்கினால் முடிந்தது, யாரும் தனியாக உட்கார வேண்டாம்.

படி 9: பணக் கணக்கு

நிகழ்ச்சி முடிந்து மூன்று நாளுக்குள் வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள், ரசீதுகளின் படத்தோடு. நம்பிக்கை இருக்கிறது, கணக்கு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். நம்பிக்கை நீடிக்கத்தான் கணக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகள் அன்போடு பணம் அனுப்புகிறேன் என்பார்கள். குழுவின் பெயரில் வாங்காதீர்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். ஊருக்கு வரும்போது எல்லாரையும் போலக் கட்டணம் கட்டி நம்மோடு பயணம் வரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் அதுதான் சந்தோஷம். கோவில் பராமரிப்புக்குக் கொடுக்க விரும்புகிறவர்களைச் சேகரத்து அலுவலகத்துக்கே நேராக அனுப்பிவிடுங்கள். கூரைப் பணம் எங்கள் நோட்டுக்குள் ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

படி 10: வண்டி நின்ற பிறகு

ஊசிக்கோபுரத்தடியில் இறக்கிவிட்டதோடு வேலை முடியவில்லை. பெரியவர்களைக் கவனிக்கும் இருவரும் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் இருக்கவேண்டும். யாரைப் பிள்ளைகள் வந்து அழைத்துப் போகிறார்கள், யாருக்கு ஆட்டோ வேண்டும் என்று காலையிலேயே நோட்டில் எழுதியிருப்போம். ஆட்டோ நம்பரையும் அதிலேயே குறித்துக்கொள்வோம். தனியாக வசிப்பவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும், அது வந்தால் பெயருக்கு நேரே ஒரு டிக்.

அந்த ஸ்டூல் டீச்சர் மிஸ்டு கால் கொடுப்பதில்லை. முழுசாகவே கூப்பிடுவார். "வந்துட்டேம்மா, கதவைப் பூட்டிட்டேன். அடுத்தது எப்ப?" என்பார். அவர் பெயருக்கு டிக் போட்டபின்தான் நோட்டை மூடுவோம்.